கூகுளில் முதல் இடம் பிடித்த என் தப்பு

"வெங்காயத்துக்கு யூரியா எழுதியிருக்கீங்களே, அது நீங்கதானே?"

சாயங்காலம் ஆறரை மணி. அடுப்பில் பால். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஆமாங்க, நான்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என் இணையதளத்தைப் படித்துவிட்டு நன்றி சொல்லக் கூப்பிடுபவர்கள் அப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"அதுல ஏக்கருக்கு 65 கிலோன்னு போட்டிருக்கு. அது ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா?"

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நான் அப்படியே நின்றேன்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், நான் எப்படி எழுத வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம், பூலாம்பாடி எனக்கு ஊர். மொட்டை மாடியில் நின்றால் பச்சைமலை தெரியும். எங்கள் தெருவில் வெளிநாட்டில் ஒரு ஆளாவது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். நான் பி.எஸ்சி. கணிதம். (கணிதம் படித்தவள் செய்த தப்பைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.) மகளையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறேன்.

2018 பிப்ரவரியில் கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரங்களைத் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிட்டது. அதுவரை இணையத்தில் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆசைக்காக எழுதியவர்கள். அதன் பிறகு காசுக்கும் எழுத வழி பிறந்தது. வீட்டிலிருந்தே எழுத ஆள் எடுத்த ஒரு கம்பெனியில் நானும் சேர்ந்தேன். ஒரு சொல்லுக்கு 20 பைசா. 500 சொல் எழுதினால் 100 ரூபாய். மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் இரண்டு கட்டுரை முடித்துவிடுவேன்.

எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். தேடப்படும் சொல் முதல் பத்தியில் மூன்று தடவை வர வேண்டும். தலைப்பில் ஓர் எண் இருக்க வேண்டும். 1,500 சொல்லுக்குக் குறைந்தால் கூகுள் மதிக்காது. அதனால், 'முகப்பரு என்பது முகத்தில் வரும் பரு. முகப்பரு வந்தால் பலருக்கும் முகப்பரு பற்றிய கவலை வரும்' என்றெல்லாம் எழுதினேன். விஷயத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். "கூகுள்ல மேல வர்ற அஞ்சு பக்கத்தைத் திறங்க. கலந்து எழுதுங்க" என்றார்கள். அந்த ஐந்து பக்கத்தை எழுதியவர்களும் அதற்கு முந்தைய ஐந்தைக் கலந்து எழுதியவர்கள்தான் என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

கட்டுரை எழுதி முடித்ததும் லிங்க் வாங்குவார்கள். வாங்குவது என்றால் காசு கொடுத்து வாங்குவதுதான். யாருமே படிக்காத நூறு தளங்களில், 'முகப்பருவுக்கு இங்கே பாருங்கள்' என்று எங்கள் பக்கத்துக்கு ஒரு சுட்டி போட வைப்பார்கள்.

ஏன் இந்த வேலை? 1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அவர்களுடைய முக்கிய யோசனையே இதுதான். ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் அந்தப் பக்கத்தைக் கைகாட்டுகிறார்கள், கைகாட்டுகிறவர்களை எத்தனை பேர் கைகாட்டுகிறார்கள் என்று எண்ணுவது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கெடுக்கும் பழக்கம் அதற்கு முன்பே அறிவியல் உலகில் இருந்தது. அதைத்தான் இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உ.வே.சா. ஞாபகம்தான் வந்தது. எங்கள் பக்கத்து அரியலூரிலும் குன்னத்திலும் சிறுவயதில் தமிழ் படித்தவர் அவர். பின்னாளில் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எங்கெங்கிருந்தோ பழைய வரிகளை எடுத்துக்காட்டிக்கொண்டே போகிறார். பல இடங்களில் நூலின் பெயர்கூட இல்லை. அவை எந்த நூல்கள் என்று தேடிப் போனவருக்குச் சங்க நூல்கள் அகப்பட்டன. குண்டலகேசி இன்று நம்மிடம் முழுசாக இல்லை. மற்றவர்கள் மேற்கோள் காட்டிய பாடல்கள் மட்டும்தான் மிச்சம். லிங்க் என்று நாம் இன்று சொல்வதை அந்தக் காலத்திலேயே காசு வாங்காமல் செய்திருக்கிறார்கள்.

காசுக்கு வாங்குகிறவர்களைக் கூகுளும் கண்டுபிடித்தது. 2011-ல் 'பாண்டா' என்று ஒரு மாற்றம் கொண்டுவந்து, சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' வந்தது. அது போலி லிங்க்குகளுக்கு வைத்த வேட்டு. இதெல்லாம் நடந்து இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் கம்பெனி லிங்க் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. தமிழுக்கு அவ்வளவு கண்காணிப்பு இல்லை என்ற தைரியம். 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்காகவே எழுதப்படும் பக்கங்களைக் குறிவைத்து இன்னொரு மாற்றம் முதலில் ஆங்கிலத்துக்கு வந்தது. டிசம்பரில் எல்லா மொழிக்கும் வந்தது. சில மாதங்களில் எனக்கு வேலை வருவது நின்றது. காரணம் அதுதானா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதற்கிடையில் எனக்கென்று ஒரு தளம் ஆரம்பித்திருந்தேன். அதே பாணியில் 43 கட்டுரைகள். கூகுள் சர்ச் கன்சோல் என்று ஓர் இலவசக் கருவி உண்டு. எந்தச் சொல்லைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று காட்டும். தினமும் காலையில் அதைத் திறப்பேன். ஒரு நாள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி நான்.

அந்த வருஷம் அப்பா அரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். தொடர்ந்து மழை. தாள் சுருண்டு, முறுக்கிக்கொண்டு தரையில் படுக்க ஆரம்பித்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து என் போனை வாங்கி, மைக்கை அமுக்கிக் கேட்டார். தமிழில் பேசித் தேடும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. டைப் அடிக்கத் தெரியாத அப்பாவுக்கு அது பெரிய வரம்.

"வெங்காயத்துல கோழிக்கால் வந்திருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?"

வந்தது என்ன தெரியுமா? கோழிக்குக் காலில் வரும் நோய், கோழிப் பண்ணை அமைப்பது எப்படி, நாட்டுக்கோழிக் குழம்பு.

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. "இவ்வளவு எழுதுறியே பாப்பா, இது உங்க கூகுளுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாதுதான். ஏனென்றால் யாரும் அந்தச் சொல்லில் எழுதவில்லை. புத்தகத்தில் அதற்குப் பெயர் திருகல் நோய். பூஞ்சாணத்தால் வருவது. எங்கள் பக்கம் வயலில் நிற்கிறவர்கள் கோழிக்கால் நோய் என்பார்கள். சுருண்ட தாளைப் பார்த்தால் உங்களுக்கும் அந்தப் பெயர்தான் தோன்றும். எழுதுகிறவர்கள் ஒரு சொல்லில் எழுதுகிறார்கள், தேடுகிறவர்கள் இன்னொரு சொல்லில் தேடுகிறார்கள். நடுவில் கோழிக் குழம்பு வருகிறது.

அடுத்த மூன்று வாரம் தினமும் அப்பாவோடு வயலுக்குப் போனேன். முதல் நாள் தாளில் வெளிறிய புள்ளி, நாலாம் நாள் முறுக்கல், பிறகு கழுத்து நீண்டு காய் சிறுத்துப் போவது என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன். அளவு தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் அப்பாவின் கை. எந்தப் பாத்தியில் தண்ணீர் நின்றதோ அங்கேதான் முதலில் வந்தது என்று அவர் காட்டினார். நோய் கண்ட செடியைப் பிடுங்கி வரப்பில் போடாமல் வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும் என்றார். அடுத்த வருஷத்துக்கு விதைக் காய் எடுக்கும்போது இந்த வயல் காயைத் தொடாதே என்றார். விதைக் காயைப் பட்டறையில் வைக்கும்போது அடியில் காற்று போகக் கல்லும் குச்சியும் கொடுப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். தலைப்பில் கோழிக்கால் நோய், பக்கத்திலேயே திருகல் நோய். படங்களைச் சுருக்கிப் போட்டேன். எங்கள் வயலில் போனுக்கு ஒரு கோடு சிக்னல்தான் வரும். அங்கே திறக்காத பக்கம் யாருக்கு வேண்டும்?

எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் 1,150 சொல்.

பழைய பாடம் விடவில்லை. 1,500 வேண்டுமே! கடைசியில் 'உர நிர்வாகம்' என்று ஒரு பகுதியைச் சேர்த்தேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையை எடுத்துக்கொண்டேன். நட்ட 30-ம் நாள் மேலுரமாக ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் அது சுமார் 65 கிலோ யூரியா ஆகிறது. கணக்கு சரி. எங்கள் ஊரில் யாரும் ஹெக்டேரில் பேச மாட்டார்களே என்று, வாசகர் வசதிக்காக ஹெக்டேர் என்ற சொல்லை ஏக்கர் என்று மாற்றினேன். எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். 26 கிலோ என்று இருக்க வேண்டிய இடத்தில் 65 நின்றது. அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். அது அவர் சொன்னது இல்லையே என்று.

மூன்று மாதத்தில் அந்தப் பக்கம் முதல் இடத்துக்கு வந்தது. கோழிக்கால் என்று யார் எப்படிக் கேட்டாலும் முதலில் நாங்கள்தான். நான் யாரிடமும் லிங்க் கேட்கவில்லை, ஆனாலும் வந்தன. வேளாண்மை படிக்கும் ஒரு மாணவர் தன் குறிப்புகளில் சுட்டி கொடுத்திருந்தார். விதை பற்றி எழுதும் ஒருவர் படங்களுக்காகவே கைகாட்டியிருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்த தளத்துக்கு 300 பேர் வந்தார்கள். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு 91 சேர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

மறுநாள் காலை அப்பாவும் நானும் பெரம்பலூர் போய், பஸ் மாறி, செட்டிகுளம் பக்கம் போனோம். சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன பூமி அது. ஆனால் போன் பண்ணியவர் பரம்பரை வெங்காயக்காரர் இல்லை. ஒன்பது வருஷம் மலேசியாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். சேர்த்த காசில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து முதல் தடவையாகப் பயிர் வைத்திருந்தார். யாரிடமும் கேட்கக் கூச்சம். போனில் கேட்டிருக்கிறார். போன் என்னைக் காட்டியிருக்கிறது.

பக்கத்து வயல் இளம்பச்சை. அவர் வயல் கரும்பச்சை, தாள் ஒவ்வொன்றும் கொழுகொழு என்று. மேலுரம் போட்ட நாலாம் நாளே மழை பிடித்துக்கொண்டதாம். பாதி வயல் கோழிக்கால். அப்பா குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். காயை அமுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

"மழைதானுங்களே காரணம்?" என்று நான் அப்பாவைத்தான் கேட்டேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

"மழையில எல்லாருக்கும் கொஞ்சம் வரும். இவ்வளவு வராது" என்றார் அப்பா. அந்த மனிதர் முன்னாலேயே சொன்னார்.

அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, நான் என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றேன்.

"பணமெல்லாம் கேக்கல தங்கச்சி. அதை மாத்திடுங்க. இன்னும் பத்து நாள்ல இங்கேயே நாலு பேரு மேலுரம் போடப் போறாங்க. அவங்களும் போனைத்தான் பாக்கறாங்க."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே மாற்றினேன். 65-ஐ அழித்து 26. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ராத்திரி வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். "மாத்திட்டேல்ல, விடு. தப்பா இருந்துச்சுன்னு மேலயே எழுதி வெச்சா எவன் உள்ள வருவான்? லிங்க் குடுத்தவங்களும் எடுத்துடுவாங்க" என்றார். நான் சண்டை போடவில்லை. எனக்கும் அதே பயம்தான். இன்னும் 9 டாலர்தானே என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. ஆனால் ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவர்கள்? டைரியில் 65 என்று குறித்து வைத்திருப்பார்களே, அவர்களுக்கு யார் சொல்வது?

வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. பக்கத்தை முழுசாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஒவ்வொரு எண்ணையும் பேனாவால் சரி பார்த்துக் கொடுத்தார்கள். மண் பரிசோதனை செய்து அதன்படி உரம் போடச் சொல்லி எழுதுங்கள், பொதுவாக ஓர் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள் என்றார்கள். அன்று மாலை பக்கத்தின் உச்சியில், தலைப்புக்கும் முன்னால், சிவப்புக் கட்டம் கட்டினேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை யூரியா அளவு தவறாக இருந்தது, தவறான எண் எது, சரியான எண் எது, தப்பு யாருடையது.

வேலை அதோடு முடியவில்லை. என் வாக்கியம் ஒன்றை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடிப் பார்த்தேன். ஏழு தளங்கள் அந்தப் பக்கத்தை எடுத்துப் போட்டிருந்தன. சிலர் அப்படியே, சிலர் கலந்து. அப்பாவின் கை ஏழிலும் இருந்தது. கட்டைவிரல் நகத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பு உட்பட. ஏக்கருக்கு 65 கிலோவும் இருந்தது. ஒரு தளத்தில் '65 முதல் 70 கிலோ வரை'. எழுதியவர் காப்பி அடித்தது தெரியக் கூடாது என்று கொஞ்சம் மாற்றியிருக்கிறார். எனக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் மாற்றுவேன். முகப்பருவுக்கு எத்தனை ஸ்பூன் எதை எழுதினேனோ, அது எத்தனை பேர் முகத்தில் போய்ச் சேர்ந்ததோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஏழு பேருக்கும் எழுதினேன். மூன்று பேர் திருத்தினார்கள். ஒருவர், "உங்க பேரைப் போட்டா போதுமா?" என்று கேட்டார். பெயர் வேண்டாம், எண்ணை மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். மிச்ச நாலு பேரிடமிருந்து பதிலே இல்லை. கூகுளிடம் பதிப்புரிமைப் புகார் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. படங்கள் என்னுடையவை என்று ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தேன். மூன்று பக்கங்கள் தேடலில் வராமல் போயின. ஒன்று, படத்தை மட்டும் எடுத்துவிட்டு எழுத்தை வைத்துக்கொண்டது.

அந்த மாதம் வருகை குறைந்தது. சிவப்புக் கட்டத்தாலா, சீசன் முடிந்ததாலா, தெரியவில்லை. அடுத்த பட்டத்தில் திரும்ப வந்தார்கள். லிங்க் கொடுத்தவர் யாரும் எடுக்கவில்லை. புதிதாக வந்தவற்றில் இரண்டு, அந்தச் சிவப்புக் கட்டத்தைக் காட்டுவதற்காகவே கொடுக்கப்பட்டவை. 100 டாலர் சேர்ந்தபோது அந்த அண்ணனுக்கு அனுப்பினேன். வாங்க மறுத்தார். விதைக் காய் வாங்கிக் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் அவருக்குப் போட்ட காசே வரவில்லை. அதற்கு முன்னால் இந்த விதைக் காய் ஒன்றுமே இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பழைய 43 கட்டுரைகளையும் அழித்துவிட்டேன். இப்போது தளத்தில் இருப்பது 19 பக்கங்கள்தான். அதிலும் அதிகம் பேர் வருவது எங்கள் ஊர் பஸ் நேரப் பக்கத்துக்கு. பஸ் ஸ்டாண்டில் நின்று நானே குறித்தது. நேரம் மாறினால் கண்டக்டர்களே சொல்லிவிடுகிறார்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து தேடுகிறவர்கள் முக்கால்வாசி ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள் என்பதைக் கன்சோலில்தான் கண்டுகொண்டேன். பக்கத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிச் செய்தி நிறைய இருக்கிறது, உளிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு உளியும் எதற்கு என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனை சொல் வருமோ, வரட்டும்.

எழுதியதை இப்போது அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டுகிறேன். அவருக்குச் சம்பந்தமில்லாததையும். பஸ் நேரத்தைக்கூட.

போன வாரம் அந்த அண்ணன் போன் பண்ணினார். இந்த வருஷம் பரவாயில்லை, அரை ஏக்கர்தான் போட்டிருக்கிறேன் என்றார். பிறகு, "நேத்தும் போட்டுப் பாத்தேன் தங்கச்சி. அந்த இன்னொரு சைட்டு நாலாவதா வருது. இன்னும் 65 முதல் 70-ன்னுதான் இருக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டு அவர்களுக்கு ஒன்பதாவது மெயில் அனுப்பினேன்.